பட்டாபிராம் ஹிட்லரின் ஒரு நிமிட மௌனம்

பட்டாபிராமில் வசிக்கும் திரு. வே. ஹிட்லர் அவர்களுக்கு நாய் என்றால் பயம். லிஃப்ட் என்றால் பயம். சீசன் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, டிக்கெட் பரிசோதகரைக் கண்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுகிற அளவுக்குப் பயம். பல் டாக்டர், மச்சினன், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், இரவில் தானாக உறுமி நிற்கும் ஃப்ரிட்ஜ் என்று அவருடைய பயங்கள் நீளும். அந்தப் பெயரைச் சுமந்தவர்களில் இவரைப் போல ஒரு எறும்புக்கும் தீங்கு நினையாதவர் இருக்க முடியாது என்று அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க நம்பியது. போன மே மாதம் வரை அவரும் அப்படித்தான் நம்பினார்.

பெயருக்கு அவர் பொறுப்பில்லை. தந்தை வேம்புலி, பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்கில் சரக்கு ரயிலிலிருந்து மூட்டை இறக்கியவர். உலக அரசியலில் அவருக்கு இருந்த கல்வி ஒரே வரி: வெள்ளைக்காரனை நடுங்க வைத்த ஆள் ஒருத்தன் இருந்தான், நேதாஜிக்கே கை கொடுத்தவன். அது போதும் என்று தலைப்பிள்ளைக்கு வைத்துவிட்டார். இரண்டாவது பிள்ளைக்கு முசோலினி என்று தீர்மானித்திருந்தபோது மனைவி தாயம்மா குறுக்கே விழுந்தார். “ஒரு ஊட்ல ஒருத்தன் போதும்யா. இவனுக்கு நான் வெக்கிறேன் பேரு.” அப்படித் தப்பித்த உதயகுமார் ஆவடியில் செல்போன் கடை வைத்து நிம்மதியாக இருக்கிறார்.

மூத்தவருக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குக் காரணங்கள் ஐந்து என்றும், அவற்றில் தாம் மூன்றாவது என்றும் பத்தாம் வகுப்பில்தான் அவர் அறிந்துகொண்டார். அந்தப் பாடம் நடந்த அன்று வகுப்பே திரும்பிப் பார்த்ததில் பெஞ்சுக்கு அடியில் பேனா தேடினார். மற்றபடி பெயரால் பெரிய சேதமில்லை. நம் ஊரில் அது பாதி பாராட்டு. கண்டிப்பான ஹெட்மாஸ்டர், மார்க் குறைந்தால் டிவியைப் பிடுங்கும் அப்பா, சில்லறை இல்லாவிட்டால் முறைக்கும் கண்டக்டர் எல்லோரையும் நாம் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுகிறோம். யாரும் யாரையும் என்ன ஏது என்று கேட்டதில்லை.

ஹிட்லர் வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவர் பிரஸ் கம்பெனியில். கம்பெனியின் பெயர் நமக்கு வேண்டாம். கார் கதவைத் தாங்கும் கீல் அங்கே தயாராகும். தகட்டை வைத்தால் மேலிருந்து ஒரு இரும்புப் பாளம் இறங்கி, ஒரே அடியில் வெட்டி வளைத்துவிடும். அந்தப் பாளத்துக்குத் தகடு எது, கை எது என்று தெரியாது. அதனால் மெஷினைச் செய்தவர்கள் வலப்பக்கம் ஒரு பட்டன், இடப்பக்கம் ஒரு பட்டன் வைத்தார்கள். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பாளம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருக்கும்போது வெட்டுப்பட முடியாது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை. வேலை மெதுவாக நடக்கும்.

“ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா பீஸ எவன்யா வெப்பான், உங்கப்பனா?” என்று முதலாளி வெற்றிச்செல்வன் ஒரு நாள் கேட்டார். கொரட்டூரிலிருந்து காரில் வருகிறவர். ஹார்ன் சத்தம் கேட்டாலே ஹிட்லர் எழுந்து நின்றுவிடுவார். கேள்வி எந்த பதிலையும் எதிர்பார்க்கவில்லை. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி, இடப்பக்க பட்டனை அழுத்தி இறுக்கக் கட்டிவிட்டால், ஒரு கையால் பட்டனைத் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே போகலாம். எஸ்டேட்டில் பல கம்பெனிகளில் நடப்பதுதான் இது. கட்டும் வேலை பிரஸ் ஷாப் சூப்பர்வைசருடையது. பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ஹிட்லர். நாய்க்குப் பயந்தவர், லிஃப்டுக்குப் பயந்தவர், தினமும் காலையில் வரிசையாக ஒவ்வொரு மெஷினுக்கும் ட்யூப் கட்டினார். பாதுகாப்பு ஆடிட் வரும் நாளில் வரிசையாக அவிழ்த்தார். அதற்கு மட்டும் அவருக்கு ஒருபோதும் பயமாக இருந்ததில்லை. மேலிருந்து சொன்னதுதானே.

அந்த மே மாதம் ஒரு திங்கட்கிழமை, பீகார்க்காரன் லக்கன் மாஞ்சியின் இடது கையில் இரண்டு விரல் போனது.

லக்கன் காண்ட்ராக்ட் ஆள். அவனுக்கு அடையாள அட்டை கிடையாது, பி.எஃப். கிடையாது, கம்பெனிக் கணக்குப்படி அவனே கிடையாது. இல்லாதவனுக்கு விரல் போக முடியாது என்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. எதையும் கேட்காத ஒரு சின்ன கிளினிக்கில் தையல் போட்டு, கம்பெனியின் பின்னாலிருக்கும் ஸ்கிராப் கொட்டகையில் படுக்க வைத்தார்கள். ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகை. ஒரு ஃபேன், ஒரு பல்ப். இரண்டு நாளில் காய்ச்சல் வந்தது.

“பிரெட்டு சாப்ட்டியா, லக்கா?” என்று ஹிட்லர் போய் நிற்பார். கட்டுப் போட்ட கையைப் பார்க்க மாட்டார். மூலையில் கிடக்கும் தகரக் கழிவைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

“கை ஜாஸ்தி வலி, அண்ணா.”

“சரியாப் பூடும்பா,” என்பார். யார் சரி செய்வது என்பதைச் சொல்லமாட்டார்.

இந்த நிலையில்தான் ஜெர்மன்காரர்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. கீல் வாங்குகிற கம்பெனி அது. வருவது ஆடிட்டுக்கு இல்லை என்று எச்.ஆர். தீபிகா விளக்கினாள். அந்தக் கம்பெனி யுத்த காலத்தில் நாஜி வதைமுகாமிலிருந்து கைதிகளை இழுத்துவந்து, அடித்து வேலை வாங்கியிருக்கிறதாம். எண்பது வருஷமாக ஊரே வாய்திறக்காமல் இருந்து, இப்போது அவர்களே ஆள் வைத்து ஆராய்ந்து, கண்டுபிடித்ததை எல்லாம் பலகையில் ஒட்டி, தங்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் எடுத்துக்கொண்டு வருகிறார்களாம். பலகையைப் பார்க்க வேண்டும், பேச்சைக் கேட்க வேண்டும், ஒரு நிமிடம் மௌனம். அவ்வளவுதான்.

“பணம் கீறவன் இன்னா வேணா செய்வான்,” என்றார் டர்னர் இராமகிருஷ்ணன். “நம்மாளு தப்பு பண்ணா பக்கத்து ஊட்டுக்குத் தெரியாம பாத்துக்குவான். இவன் ஃப்ளைட்டு ஏறி வந்து சொல்றான் பாரேன்.”

தீபிகா ஹிட்லரைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணா, உங்க பேரு கொஞ்சம் பிராப்ளம்.”

“கொஞ்சம்னா?”

“கொஞ்சம் இல்லண்ணா. முழுசாவே.”

முதலாளி அறையில் அது சட்டமாக அறிவிக்கப்பட்டது. “யோவ், உன் பேரு அவங்க காதுல வுழுந்துச்சு, ஆர்டர் போச்சு. ஆர்டர் போச்சுன்னா பிரஸ் ஷாப் போச்சு. பிரஸ் ஷாப் போச்சுன்னா நீ போன. புரியுதா?”

“எங்கப்பா வெச்ச பேரு சார்.”

“உங்கப்பா மேல எனக்குக் கோவமில்லய்யா. அன்னிக்கு ஒரு நாள் நீ தமிழரசு.”

தமிழரசு என்பவர் வேலையை விட்டுப்போன முன்னாள் ஸ்டோர் கீப்பர். அவருடைய பேட்ஜ் டிராயரில் சும்மா கிடந்தது. போட்டோவில் அவருக்கு அடர்த்தியான மீசை. ஹிட்லருக்கு மீசையே இல்லை. மீசை வைக்க அவர் எந்தக் காலத்திலும் துணிந்ததில்லை.

அன்று மாலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நர்ஸிங் படிக்கும் மகள் ஜோதிகாவைக் கேட்டார்: “ஏம்மா, அந்த ஆளு அப்டி இன்னாதான் பண்ணாரு?”

“எந்த ஆளுப்பா?”

“என் பேருக்காரரு.”

ஜோதிகா போனில் தேடி நீட்டினாள். முதலில் ரயில். சரக்கு வேகன், பட்டாபிராம் சைடிங்கில் நிற்குமே, அதே மாதிரி; ஆனால் கதவிடுக்கில் கைகள் தெரிந்தன. அடுத்தது மலை போல ஏதோ குவிந்திருந்தது. செருப்புகள் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. குவியலின் ஓரத்தில் வார் போட்ட ஒரு பூட்ஸ். அதன் நீளம் அவர் கையில் பிசைந்து வைத்திருந்த சோற்று உருண்டை அளவுதான் இருந்தது. உருண்டை தட்டிலேயே இறங்கிவிட்டது.

“யூதர்கள் மட்டும் அறுபது லட்சம் பேருப்பா. கிட்டத்தட்ட மெட்ராஸ் பூரா.”

“அந்த ஆளு ஒருத்தரேவா?”

“ஒருத்தரால எப்டிப்பா முடியும்? ரயில் ஓட்னவன், கதவ சாத்னவன், பேரு கூப்ட்டவன்… எல்லாரும் காலைல டிபன் பாக்ஸ் எடுத்துகினு வேலைக்குப் போனவங்கதான்.”

“சாப்புட்ற நேரத்துல இன்னாத்தடி காட்ற?” என்று மனைவி யுவராணி குழம்புக் கரண்டியோடு வந்தாள். எட்டிப் பார்த்தவள் கரண்டியை இறக்கிவிட்டாள். பிறகு புருஷனிடம் கேட்டாள்: “ஏங்க, உங்கப்பாருக்கு இதெல்லாம் தெரியாதா?”

“தெரிஞ்சா வெச்சிருப்பாரா?”

“யாரையாச்சும் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்,” என்றாள் யுவராணி.

அதற்குப் பிறகு ஹிட்லரின் பயம் வேறு ரகமானது. அதுவரை ஜெர்மன்காரர்களுக்குத் தன் பெயர் தெரிந்துவிடுமோ என்று பயந்தார். இப்போது அந்தப் பெயரோடு தனியாக இருக்கவே பயமாக இருந்தது. ரயிலில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பினார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குத் தன் பெயரே நாயாகி விரட்டுவது பெரும் கொடுமை.

அந்த நாளும் வந்தது. வழக்கமாக ஆடிட் நாளில் காண்ட்ராக்ட் ஆட்களை வேனில் ஏற்றி செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். எஸ்டேட்டிலேயே அதிகம் ஏரி பார்த்த தொழிலாளர்கள் அவர்கள்தான். அன்றும் வேன் கிளம்பியது. லக்கனால் எழுந்து உட்காரவே முடியவில்லை. கட்டுப் போட்ட கையோடு அவனை வெளியில் யாராவது பார்த்தாலும் வம்பு. “உள்ளயே கெடக்கட்டும். வெளில பூட்டிடு,” என்றார் வெற்றிச்செல்வன். “போன தடவ ஒருத்தன் வெள்ளக்காரன் போட்டோல வந்து பல்லக் காட்னான். சாவிய நீயே வெச்சிக்க.”

ஹிட்லர் பூட்டினார். பூட்டும்போது உள்ளேயிருந்து லக்கன், “அண்ணா, எப்போ தொறப்பீங்க?” என்றான்.

“இதோ, ஆயிடும்பா.”

பேன்ட் பையில் ஒரு பக்கம் சாவி. மறுபக்கம் காலையில் அவிழ்த்த ட்யூப் துண்டுகள். நெஞ்சில் தமிழரசு. இந்த அலங்காரத்தில் அவர் போய் வரிசையில் நின்றார்.

“தமிழரசு அண்ணாத்தே, மீச எங்க காணோம்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“வாய மூட்றா.”

“ஐயோ, தமிழரசுக்குக் கோவம்கூட வருதுப்பா. ஹிட்லர் அண்ணனா இருந்தா பாவம், பயந்திருப்பாரு.”

ஜெர்மனியிலிருந்து வந்தவர் காரின் வெல்னர் என்ற பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர், பருத்திச் சட்டை, வியர்வையில் சிவந்த முகம். மொழிபெயர்க்க வந்தவன் பாசித், பூந்தமல்லிக்காரன், அத்தர் வியாபாரியின் மகன். ஜெர்மன் படித்துவிட்டு இதையே தொழிலாக வைத்திருந்தான்.

பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு போட்டோவின் முன்னால் பிரஸ் ஷாப் ஆட்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். தலையை மொட்டையடித்த பெண்கள், வரிசையாக, பவர் பிரஸ் முன்னால். மாடல் பழசு. மற்றபடி அதே பாளம், அதே தகடு.

“இந்த லேடிஸ் எல்லாம் முகாம்லேர்ந்து கொண்டாந்தவங்க,” என்று பாசித் படித்துச் சொன்னான். “வெரல் போனவங்கள, வேல செய்ய முடியாதவங்கள, திருப்பி முகாமுக்கே அனுப்பிருக்காங்க. போனவங்க யாரும் திரும்பல.”

ஹிட்லர் தம் கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார். அங்கே சாவி இருந்தது. கையை வெளியே எடுத்தார்.

காரின் பேசினார். நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பாசித்துக்காகக் காத்திருந்து பேசினார்.

“இவங்க தாத்தா அந்த ஜெர்மன் கம்பெனிலதான் ஃபோர்மேனா இருந்தார்ங்கறாங்க. ரொம்ப நல்லவராம். குழந்தைங்களுக்கு மரத்துல பொம்மை செஞ்சு குடுப்பாராம். அங்க நடந்தது பத்திக் கேட்டா, ‘சொன்னாங்க, செஞ்சேன்’ம்பாராம். ஊர்க்காரங்களக் கேட்டா, மெஷின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலம்பாங்களாம். ஊர் பூரா அதே பதில்தானாம். அவர் செத்தப்புறந்தான் இவங்களுக்கு ஒரு விஷயம் தோணுச்சாம்: மெஷின் ராத்திரி நின்னிருக்குமே, அப்பவாவது கேட்டிருக்குமே.”

வெற்றிச்செல்வன் மட்டும் மிகவும் உருக்கமாகத் தலையாட்டினார். உருக்கத்தில் அவர் யாருக்கும் சளைத்தவரில்லை.

இப்போது மௌனம். காரின் ஒரு நிமிடம்தான் கேட்டார். முதலாளி அதைச் சிறப்பாகச் செய்து காட்ட விரும்பினார். மெஷின்கள் நின்றிருந்தாலும் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. ட்யூப்லைட் கூட ‘ங்’ என்று இழுத்துக்கொண்டிருந்தது. “தமிழரசு! மெயின ஆஃப் பண்ணுய்யா. ஒரு சத்தம் இருக்கக் கூடாது. மேடம் பாக்கட்டும் நம்ம மரியாதைய.”

ஹிட்லர் போய் மெயின் சுவிட்சை இழுத்தார்.

கம்ப்ரஸர் பெருமூச்சு விட்டு அடங்கியது. ட்யூப்லைட் அணைந்தது. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு அமைதியை அங்கே வேலை பார்த்த யாரும் கேட்டதில்லை. எல்லோரும் தலை குனிந்தார்கள். ஹிட்லரும் குனிந்தார். குனிந்த தலைக்குள் அப்போதுதான் அது ஏறியது: கொட்டகை ஃபேனும் அதே மெயினில்தான் ஓடுகிறது.

தட்.

பின்பக்கமிருந்து வந்தது. தகரத்தில் உள்ளங்கை பட்ட சத்தம்.

தட். தட்.

ஒரு கையால் தட்டுகிற சத்தம் எப்படியிருக்கும் என்று அன்று அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் அறிந்தார்கள். இராமகிருஷ்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். தீபிகா தரையைப் பார்த்தாள். எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் எப்போதும் தெரியும். பிரஸ் ஓடுகிறபோது கேட்காது, அவ்வளவுதான். ஒளித்துவைக்கிறவன் முதலில் நிறுத்தக் கூடாதது சத்தத்தை என்பது வெற்றிச்செல்வனுக்கு மரியாதை செய்கிற ஜோரில் மறந்துபோயிருந்தது.

காரின் தலை நிமிர்ந்தார்.

“பக்கத்து கம்பெனி,” என்றார் முதலாளி, மௌனத்தைக் கலைக்காத மெல்லிய குரலில். “எப்பவும் இப்டித்தான் மேடம். நான்சென்ஸ் பீப்பிள்.”

பாசித் மொழிபெயர்த்தான். காரின் சத்தம் வந்த திசையில் நடக்க ஆரம்பித்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். தகரக் கதவு, பெரிய பூட்டு.

“சாவி எங்கன்னு கேக்கறாங்க,” என்றான் பாசித்.

“காண்ட்ராக்டர் கிட்ட இருக்கு. அவன் இன்னிக்கு லீவு,” என்றார் வெற்றிச்செல்வன். அவர் ஹிட்லரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

சாவி ஹிட்லரின் தொடையில் உறுத்தியது. எடுத்தால் வேலை போகும். இந்த வயதில் எஸ்டேட்டில் இன்னொருத்தன் வேலை கொடுக்கமாட்டான். மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. எடுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. மேடம் கிளம்பிவிடுவார், மெயினைப் போட்டுவிடலாம், ஃபேன் சுற்றும். கொஞ்ச நேரம்தான். சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

தட், என்றது கதவு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி, மெதுவாக. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

அவர் வாழ்நாளில் பயந்த எதுவும் அந்த நின்றுபோன சத்தத்துக்கு ஈடாகாது. குரைக்கிற நாயாவது குரைக்கிறதே. ஹிட்லர் முன்னால் போனார், நான்கு பேரை இடித்துக்கொண்டு. சாவி பூட்டில் நுழைய மறுத்தது. பாசித் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். திறந்தது.

அடுப்பைத் திறந்தது போல அனல் வந்தது. லக்கன் கதவோரத்திலேயே சுருண்டு கிடந்தான். “தண்ணி, தண்ணி கொண்டாங்கடா!” என்று இராமகிருஷ்ணன்தான் கத்தினார். முகத்தில் தெளித்ததும் கண் திறந்தான். காரின் தரையில் உட்கார்ந்து அவன் தலையைத் தூக்கிப் பிடித்தார். கட்டு நனைந்து மஞ்சளாகியிருந்தது.

“கை எப்படி ஆச்சுன்னு கேக்கறாங்க.”

“பைக்ல விழுந்துட்டான் மேடம்,” என்றார் முதலாளி. “நாங்கதான் பாவம்னு வெச்சிப் பாத்துக்கறோம்.”

ஹிட்லர் மறுபக்கப் பைக்குள் கை விட்டார். ட்யூப் துண்டுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கொத்தாக வந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் காரினுக்கு நேராக நீட்டினார்.

“பிரஸ்ல போச்சு மேடம். பட்டன் இத்த வெச்சிக் கட்டியிருந்துச்சு. நான்தான் கட்னேன்.”

பாசித் சொன்னான். காரின் அந்த ரப்பரையே பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

“யார் கட்டச் சொன்னதுன்னு கேக்கறாங்க.”

பதில் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, இஸ்திரி போட்ட சட்டையில். ஹிட்லர் அவரைப் பார்த்தார். முதலாளி பல் தெரியாமல் முறைத்தார்.

“சொன்னாங்க மேடம். ஆனா கட்னது நானு. தெனமும் காலைல நான்தான் கட்னேன்.”

காரினின் கண் அவர் நெஞ்சிலிருந்த பேட்ஜில் போய் நின்றது. மீசைக்காரப் படத்தையும் மீசையில்லாத முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெயர் என்ன என்று கேட்டார். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பயப்படுவதற்கு அதற்குமேல் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை போல. பேட்ஜைக் கழற்றிவிட்டுச் சொன்னார். “ஹிட்லர், மேடம்.”

அந்தச் சொல்லைப் பாசித் மொழிபெயர்க்கவில்லை. காரினின் முகத்தில் கோபமா, சிரிப்பா, வாந்தியா எது வரப்போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பாசித்திடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“பேரு வெச்சது நீங்க இல்லியேன்னு கேக்கறாங்க.”

“இல்ல மேடம். எங்கப்பா.”

“அப்ப அதுக்கு நீங்க பொறுப்பு இல்லயாம்.” பாசித் தயங்கினான். “ட்யூபுக்குத்தான் பொறுப்பாம்.”

பின்னர் நடந்தவை எல்லாம் முறைப்படி நடந்தன. லக்கன் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டான். ஜெர்மன்காரர்கள் ஆர்டரை நிறுத்திவைத்தார்கள். ஹிட்லர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். ட்யூப் கட்டியதற்காக அல்ல; கதவைத் திறந்ததற்காகவும் அல்ல. “வாடிக்கையாளர் மனதைப் புண்படுத்தும் பெயரைத் தாங்கியிருந்ததற்காக.” இருபது வருஷத்துக்கு மேலாக அதே பெயருக்குச் சம்பளம் போட்டவர்கள் ஒருவழியாக அறம் கண்டுபிடித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஹிட்லர் தினமும் போனார். முதல் நாள், “லக்கா, அந்த ட்யூப கட்னது…” என்று ஆரம்பித்தார்.

“தெரியும்,” என்றான் லக்கன். அண்ணா என்று சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஹிட்லர் கொண்டுபோன சாத்துக்குடியை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தார். மறுநாளும் அப்படியே. வீடு திரும்பும் நாள் நெருங்கியபோது, திருப்பிய முகத்தோடே லக்கன் கேட்டான்: “லேபர் ஆபீஸ்ல கேஸ் போட்டிருக்கு. நான் அங்க வேலையே செய்யலன்னு முதலாளி சொல்றாரு. நீ வந்து சொல்வியா?”

அன்று மாலையே வெற்றிச்செல்வனிடமிருந்து போன் வந்தது. குரலில் அத்தனை பாசம். “இன்னாய்யா ஹிட்லர், வீட்ல சும்மாவா கீற? ஆர்டர் திரும்ப வருதுய்யா. பிரஸ் ஷாப்புக்கு நீ இல்லாம ஆவுமா? விசாரணைல ஒண்ணும் பெருசா இல்ல. லக்கன் யாருன்னே தெரியாதுன்னு ஒரு வார்த்த. திங்கக்கெழம வந்து ஜாயின் பண்ணிக்க.”

யுவராணி முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “இன்னா சொல்லப் போற?” என்றாள்.

“தெரியல.”

“பயமா கீதா?”

“பயமாத்தான் கீது.”

“அது எப்பவும் கீறதுதான,” என்று அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

விசாரணை நாளன்று தொழிலாளர் அலுவலகத் தாழ்வாரத்தில் ஹிட்லர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் லக்கன், மடியில் விரல் குறைந்த கை. அவன் இவரைப் பார்க்கவில்லை. பியூன் கதவைத் திறந்து பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். தாழ்வாரமே சிரித்தது. “இன்னாப்பா, பங்கர்ல செத்தவன் திரும்பி வந்துட்டானா?” என்று ஒருவர் கேட்டார். ஹிட்லர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

வெற்றிச்செல்வன் வக்கீலோடு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். வாத்சல்யமாகச் சிரித்தார். தலையைக் கூட அசைத்தார், திங்கட்கிழமை என்பது போல.

“உக்காருங்க,” என்று அதிகாரி நாற்காலியைக் காட்டினார்.

ஹிட்லர் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நின்னுகினே சொல்லிட்றேன் சார். உக்காந்தா மனசு மாறிடும்.”